இடது கன்னத்து வலி

புனே கட்கியில் முப்பது வருடமாகக் குடியிருக்கிறேன். என் வாய்க்கு எங்கள் பில்டிங்கே பயப்படும். போன கோடையில் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டர், வீரியமான வலி மாத்திரை ஒன்றை எழுதி, மூன்று நாளைக்கு மேல் வேண்டாம் என்றார். மருந்துக்கடையில் முழு அட்டையாகக் கொடுத்துவிட்டார்கள்.

முதல் மாத்திரையிலேயே வலியோடு கோபமும் போய்விட்டது. மாடி வீட்டுக்காரி பிழியாத புடவையை உதறி, நான் காயவைத்த வடாமெல்லாம் நனைந்தபோதுகூடச் சிரித்தேன். என் கணவர் அசந்துபோனார்.

"வலி போனா என்ன? அட்டை தீர்ற வரைக்கும் போட்டுக்கோயேன்" என்றார். போட்டேன்.

அட்டை தீர்ந்ததும் ஒரே எரிச்சல். தூக்கமில்லை, எந்நேரமும் மாத்திரை நினைப்பு. புதுச் சீட்டில்லாமல் கடைக்காரர் தர மறுத்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போய் முனகினேன்.

அவர் என்னையே பார்த்தார். "ஆன்ட்டி, நான் பிடுங்கினது வலது பக்கம்" என்று இந்தியில் சொன்னார். என் கை இடது கன்னத்தில் இருந்தது.

வெட்கத்தோடு உண்மையைச் சொன்னேன். "இது பழக்கமாயிடுற மாத்திரை. நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க" என்றவர், சீட்டு எழுதவே இல்லை. சில நாளில் உடம்பு தெளிந்தது.

இப்போதெல்லாம் எந்த மாத்திரையானாலும் எப்போது நிறுத்துவது என்று முதலில் கேட்டு, அத்தனை நாளைக்கு வேண்டியதை மட்டும் அட்டையிலிருந்து வெட்டி வாங்குகிறேன். என் கோபமும் பழையபடி திரும்பிவிட்டது.

கணவர்தான் அவ்வப்போது ஆசையாகக் கேட்கிறார்: "வேற எந்தப் பல்லும் வலிக்கலையா உனக்கு?"