பெயர்க்காத தரை

என் கடையில் பதினெட்டு வருஷமாக நான் தைத்ததெல்லாம் காருக்கும் வேனுக்கும்தான். தக்கலையிலிருந்து இரணியல் போகும் ரோட்டோரம் கடை. சீட் கவர், தரை மேட், கூரைத் துணி. ஒரு தையல் பிசகினால் வண்டிக்காரர் வந்து சத்தம் போடுவார், பிரித்துத் தைத்துக் கொடுப்பேன், அதோடு தீர்ந்தது. தண்ணீரில் ஓடும் ஒன்றில் நான் கைவைத்தது ஒரே முறை.

அதற்கு என்னைக் கூப்பிட்டவர் மணக்குடிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். லீவில் வரும்போதெல்லாம் தன் ஜீப்புக்கு ஏதாவது தைக்க வந்து, கடை ஸ்டூலில் உட்கார்ந்து மதியம்வரை பேசிவிட்டுப் போவார். அப்படியே அண்ணன் தம்பி ஆகிவிட்டோம். வளைகுடாவில் ஒரு பெரிய வீட்டுக்காரரின் ஸ்பீடு போட்டை இருபத்து மூன்று வருஷம் ஓட்டியவர் அவர். வெள்ளிக்கிழமைதோறும் அந்த வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் கடலில் சுற்றிக் காட்டிவிட்டுக் கரையில் விடவேண்டும். வேலையை விட்டு ஊருக்கு வந்த மறு வருஷம், கேரளத்தில் மூடிக் கிடந்த ஒரு ரிசார்ட்டிலிருந்து பழைய பைபர் ஸ்பீடு போட் ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

பதினாறு அடி நீளம். வீட்டை ஒட்டிய தென்னை விளையில், பழைய டயர்களின் மேல் அதை இருத்தியிருந்தார். நான் ஏறிப் பார்த்தேன். ஏதோ பலா மரத்தடியில் வருஷக்கணக்காகக் கிடந்திருக்கிறது, உள்ளே முழுக்க மக்கிய இலை. சீட்டுகளின் ரெக்சின் வெடித்து, உள்ளிருந்த பஞ்சு மழைநீரைக் குடித்து ஊறிப்போயிருந்தது. கையை வைத்து அழுத்தினால் கறுப்பாகத் தண்ணீர் வந்தது.

"எஞ்சின் என் பாடு. உள்ள உள்ளதெல்லாம் உன் பாடு, மக்கா" என்றார்.

"எனக்கு காரு சீட்டுதான் தெரியும்ணே. போட்டெல்லாம் நான் செஞ்சதில்ல."

"சீட்டு சீட்டுதாம்லே. இருவத்து மூணு வருஷம் ஊராம் பெண்டு புள்ளயள மெத்தயில இருத்தி ஓட்டியாச்சு. எம் பொண்டாட்டிய ஒரு நாளு இருத்தணும்லா."

அவர் மனைவியை நான் மைனி என்று கூப்பிடுவேன். கடற்கரையில் பிறந்து வளர்ந்தும் ஒரு தடவைகூட வள்ளத்தில் ஏறாதவர். அவருக்கு இருந்தது ஒரே கோரிக்கை. "எனக்குத் தாழ இருந்தா எந்திக்க முடியாது தம்பி. நாற்காலி ஒயரத்துக்கு வச்சுத் தா." வெளிநாட்டில் நர்ஸாக இருந்த மகள் போனில் படங்கள் அனுப்பினாள். வெள்ளை ரெக்சின், நீல விளிம்பு, சாய்சதுரம் சாய்சதுரமாகத் தையல். அவள் கிறிஸ்துமஸுக்கு வரும்போது போட் தண்ணீரில் இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் வாரத்தில் இரண்டு சாயங்காலங்களிலும் போவேன். முதலில் பின்பாதித் தரையைப் பெயர்த்தோம். உளுத்த பலகை கையோடு வந்தது. அடியில் நீளவாக்கில் ஓடும் மரச்சட்டங்களையும் மாற்றினோம். புதிய மெரைன் பிளைவுட்டை வெட்டி, இரண்டு பக்கமும் ரெசின் பூசிக் காயவைத்துப் பதித்தோம். முன்பாதிக்கு வந்ததும் அண்ணன் கேட்டார்.

"இதயும் பெயக்கணுமா?"

மேலே பைபர் தோல் விரிசலில்லாமல் பளபளவென்று இருந்தது. விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"வேண்டாம்ணே. கல்லு மாதிரி நிக்கிது."

எனக்குச் சீட்டில் கைவைக்கும் அவசரம். அவ்வளவுதான் காரணம்.

அந்த இரண்டு மாதம் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். அண்ணன் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பார், நான் முன்னால். மைனி பால் சேர்க்காத கட்டஞ்சாயா கொண்டுவந்து போட்டின் விளிம்பில் வைத்துவிட்டு, அடுத்து என்ன, அடுத்து என்ன என்று பார்த்துக்கொண்டு நிற்பார். ஸ்டியரிங்குக்கு எதிரில் மரநிறப் பலகையில் டேஷ்போர்டு செய்தேன். பக்கவாட்டில் தண்ணீர்ப் பாட்டில் வைக்க வளையம், காலடியில் தேக்குப் பலகைபோலத் தெரியும் ரப்பர் மேட். அந்த மேட்டைப் பசைபோட்டு ஒட்டி முடித்த அன்று போட்டோ எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். மயிலாடியிலிருந்து கார் வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டு, இது உன் வேலையா என்று கேட்டார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துப்போனது.

மைனியின் சீட்டை நாற்காலி உயரத்துக்கு ஒரு பெட்டியின் மேல் ஏற்றியிருந்தேன். இடதுபக்கம், முன்பாதியில். பெட்டியை எட்டு ஸ்குரு போட்டுத் தரையோடு பிடிக்கவேண்டும். மேட்டைத் துளைத்து டிரில்லை இறக்கியபோது இரண்டாவது துளையிலேயே டிரில் தானாக உள்ளே போனது. வெளியே வந்தது மரத்தூள் இல்லை. ஈரமாக, காப்பி மண்டிபோல ஏதோ வந்தது. முகர்ந்து பார்த்தேன். கயிறு திரிக்கக் காயலில் ஊறப்போட்ட தேங்காய்த் தொண்டின் நாற்றம். மூன்றாவது துளையும் அப்படியே.

பின்னாலிருந்து அண்ணன் தலையைத் தூக்கினார். "என்னலே, சரிதானா?"

"சரிதாம்ணே" என்றேன்.

அந்த ஒரு சொல்லை எத்தனையோ முறை திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மகள் வர இரண்டு வாரம் இருந்தது. உள்ளதைச் சொன்னால் மேட்டைக் கிழிக்க வேண்டும், டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும், கிறிஸ்துமஸ் கடந்துவிடும், அண்ணன் முகம் வாடும் என்றெல்லாம் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடச் சின்னது. ஒட்டிய மேட்டைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. எல்லாரும் பார்த்துப் பாராட்டிய மேட் அது. துளைகளில் ரெசினை ஊற்றினேன், பெட்டியின் அடியில் அகலமான இரும்புப் பட்டை ஒன்று கொடுத்தேன், ஸ்குருவை முடுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் போட்டைக் காயலில் இறக்கினோம். அண்ணன் ஸ்டியரிங்கில், மைனி இடதுபக்கத்து உயர்ந்த சீட்டில், மகள் பின்னால். மூன்று பேருக்கும் மிதவைச் சட்டை. நான் கரையில் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு நின்றேன். முதல் சுற்றை அண்ணன் பையத்தான் ஓட்டினார். மைனி ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எனக்குக் கைகாட்டினார். இரண்டாவது சுற்றில் மகள், இன்னும் வேகமாக என்பதுபோலக் கையை வீசி என்னவோ சொன்னாள். அண்ணன் சிரித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினார்.

காயல் கடலோடு சேரும் பொழிமுகத்தின் பக்கம் கடலிலிருந்து திரும்பிய ஒரு வள்ளம் இவர்களைக் கடந்து போனது. அது கிளப்பிய அலையில் போட் ஏறி, தொம்மென்று விழுந்தது. எஞ்சின் நின்றது. மகளின் குரல் கேட்டது. கரையிலிருந்து பார்க்கும்போது மைனி இருந்த இடத்தில் யாரும் இல்லை.

சீட் பெட்டியோடு பெயர்ந்து, மைனி இடுப்பில் அடிபடப் பக்கவாட்டில் விழுந்திருந்தார். அண்ணன் ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டு மறுகையால் ஓட்டிக் கொண்டுவந்து கரைசேர்த்தார். நாலைந்து பேர் ஓடிவந்து மைனியைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். எல்லாரும் அந்தப் பக்கம் இருந்தபோது நான் போட்டில் ஏறினேன். சீட் மல்லாந்து கிடந்தது. பெட்டியின் அடியில், எட்டு ஸ்குருக்களோடும் ஒட்டிக்கொண்டு, கறுத்து மக்கிய தரைத் துண்டு. அடி தெரியாதபடி நான் பெட்டியைக் கவிழ்த்து வைத்தேன். கிழிந்த மேட்டை இழுத்துக் குழியை மூடினேன். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். வராந்தாவில் அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "நான் ஸ்பீடு போட்டுட்டேன் மக்கா" என்றார். சற்று நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார். மகள் எதிர்ப் பெஞ்சில் இருந்தாள். "வயசான காலத்துல என்னத்துக்கு அப்பா இந்த வெளையாட்டு" என்றாள். தான்தான் வேகமாகப் போகச் சொன்னோம் என்பதை மறந்துவிட்டாளா, மறக்க முடியாமல்தான் அப்படிப் பேசினாளா, தெரியவில்லை. இருவருக்கும் நடுவில் நான் நின்றேன். வாயைத் திறக்க அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. டீ வாங்கிவருகிறேன் என்று கீழே இறங்கிப் போனேன்.

அண்ணன் போட்டைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. மைனி வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கினார். காலையும் மாலையும் அவரை நடத்துவது, காலை நீட்டி மடக்கவைப்பது எல்லாம் அண்ணன்தான். மாதம் ஒருமுறை நான் பழம் வாங்கிக்கொண்டு போவேன், அண்ணன் வைத்த சாயாவைக் குடித்துவிட்டு வருவேன். இரண்டு வருஷம் அப்படிப் போனேன்.

போன கிறிஸ்துமஸுக்கு மகள் வரவில்லை. அதற்கு முந்தினதற்கும் வரவில்லை. ஜனவரியில் ஒரு மத்தியானம் நான் போயிருந்தபோது அண்ணன் சொன்னார்: "மோளு இந்தத் தடவயும் வரல்ல. லீவு இல்லங்கா."

"லீவெல்லாம் உண்டு" என்றார் மைனி, வாக்கரில் சாய்ந்தபடி. "அப்பாவுக்க மொகத்தப் பாக்க அவளுக்கு முடியல்ல."

அண்ணன் தலையை ஆட்டினார், அது நியாயம்தான் என்பதுபோல. அந்தத் தலையாட்டலை என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். டிரில் போட்டது, நாற்றம், ரெசின், பெட்டியைக் கவிழ்த்து வைத்தது, எல்லாவற்றையும். ஸ்பீடு காரணமே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் தரை நன்றாக இருந்திருந்தால் அந்த அலைக்குச் சீட் பெயர்ந்திருக்காது என்றேன்.

அண்ணன் கேட்டார்: "அண்ணைக்குச் சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்?"

"நிறுத்தியிருப்பீங்க."

"ஆமா. நிறுத்தியிருப்பேன். அது ஒனக்குத் தெரியும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மைனிதான் என்னைப் பார்த்துச் சொன்னார். "எங்ககிட்ட சொன்னது போதாது. மோளுக்கு விளி. இப்பமே விளி."

என் போனிலிருந்தே வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தலைமுடியை முடிந்துகொண்டே கேட்கத் தொடங்கியவள், பாதியில் கையை இறக்கிவிட்டாள். நான் சொல்லி முடித்ததும், "அப்பாகிட்ட குடுங்க" என்றாள். போனை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். உள்ளேயிருந்து அவருடைய "ம்... ம்" என்பது மட்டும் கேட்டது. அப்புறம் அவர் அழுவது கேட்டது.

அப்பாவுக்கும் மகளுக்கும் அன்றோடு சரியானது என்று நினைக்கிறேன். ஈஸ்டருக்கு அவள் வந்துபோனதாக யாரோ சொன்னார்கள். ஆனால் இரண்டு வருஷம் அந்த மனிதர் தன் மனைவியின் காலைப் பிடித்துவிடும் ஒவ்வொரு முறையும் தன்னைத்தானே குற்றவாளியாக நினைத்தார். அதை யார் திருப்பித் தருவது? என் மேட் கிழியாமல் இருக்கவேண்டும் என்பதற்காக நடந்தது அது.

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போனதில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. போட்டின் முன்பாதித் தரையை அண்ணன் தனியாளாகப் பெயர்த்துப் புதிதாகப் போட்டார், பிறகு கொல்லத்திலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் தைத்த சீட்டுகள் அதோடு போயினவா, அதற்கு முன்பே எறிந்துவிட்டாரா என்று விசாரிக்கவில்லை.

சென்ற மாதம் நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடையில் அவரைப் பார்த்தேன். கூட்டம். இருவருக்கும் நடுவில் மூன்று பேர் நின்றார்கள். அவரே திரும்பிப் பார்த்தார்.

"மைனிக்கு எப்பிடிண்ணே இருக்கு?" என்றேன்.

"கொள்ளாம். கம்பு ஊணி நடக்கா" என்றார். மருந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். படியிறங்கும்போது, ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பதுபோல நின்று, "நீங்க இப்பமும் கட அதே எடத்துலதான் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். முன்பு அவர் என்னை ஒருநாளும் நீங்க என்று சொன்னதில்லை.