பதினாறு அங்குலப் பிடிவாதம்

எந்தத் தொலைநோக்கி வாங்கலாம் என்று வெர்னா நோஸ்கியிடம் கேட்டவர்களில் பாதிப்பேர் அதன்பிறகு வேறு பொழுதுபோக்கைத் தேடிக்கொண்டார்கள். மீதிப்பேர் அவர் சொன்னதை வாங்கினார்கள். எவரும் இரண்டாவது தடவை கேட்டதில்லை.

தெற்கு ஆஸ்திரேலியாவில், முர்ரே ஆற்றில் மன்னம் ஊர்ப் படகை இருபத்தெட்டு வருடம் ஓட்டியவர் வெர்னா. கரைக்குக் கரை கட்டிய இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரும் படகு அது. காரை ஏற்றிவிட்டால் அக்கரை போகும்வரை யாரும் எங்கும் ஓட முடியாது. அப்படிச் சிக்கிய கூட்டத்துக்குப் பிரசங்கம் செய்து பழகிய வாய் அவருடையது. ஒருநாள் படகில் ஏறிய காரின் பின்சீட்டில், '675 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று எழுதிய அட்டைப்பெட்டி இருந்தது. வண்டிக்காரர் பெருமையாகக் காட்டினார். வெர்னா பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல நம்பக்கூடியது இந்த அட்டை மட்டும்தான். நல்ல அட்டை. உள்ள இருக்கறதத் தூக்கிப் போட்டுட்டு இதுல பூனை வளர்த்துக்கோ."

அவர் சித்தாந்தம் சிறியது. தொலைநோக்கிக்கு வாய்தான் முக்கியம். வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு ஒளி உள்ளே போகும். எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, நாம் கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸைப் பொறுத்தது. அதை நொடியில் மாற்றிக்கொள்ளலாம். ஐபீஸ் இரண்டு இருந்தால் போதும், மூன்றாவதை வாங்குகிறவனுக்கு மருந்து தேவை என்பார். இதைக் குறிப்பாக மருந்துக்கடை கெல்வின் ஷிர்மரின் முகத்தைப் பார்த்துச் சொல்வார். கெல்வினிடம் பதினான்கு ஐபீஸ்கள் இருந்தன. அலுமினியப் பெட்டியில் பஞ்சணை வெட்டி ஒவ்வொன்றையும் படுக்க வைத்திருப்பார். வெர்னா அதற்கு வைத்த பெயர், பல் டாக்டர் பெட்டி.

வெர்னாவின் தொலைநோக்கி பதினாறு அங்குல வாய் கொண்டது. அடிலெய்டில் செத்துப்போன ஒருவரின் கொட்டகையிலிருந்து 1994இல் கண்ணாடியை வாங்கி, ஒட்டுப்பலகையில் தானே பெட்டி அடித்துச் செய்தது. வானத்தை அகலமாகக் காட்டும் முப்பத்திரண்டு மில்லிமீட்டர் ஐபீஸ் ஒன்று, பெரிதாக்கிக் காட்டும் பத்து மில்லிமீட்டர் ஒன்று. அவ்வளவுதான் குடும்பம். வீட்டு முற்றத்தில் வைத்தே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் படகுத்துறைக்கு வெள்ளை விளக்குகள் வந்தபிறகு முற்றத்திலிருந்து தெரிந்தது விளக்கு மட்டும்தான். அதன்பின் ஒவ்வொரு தடவையும் தொலைநோக்கியைக் கழற்றிப் பிக்கப் வண்டியில் ஏற்றி, ஊருக்குக் கிழக்கே நாற்பது கிலோமீட்டர் ஓட்டி, கைவிடப்பட்ட கால்பந்து மைதானத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ஆட ஆளில்லாமல் அணி கலைந்து இருபது வருடமாகிறது. இப்போது அது எங்கள் வானம் பார்ப்போர் சங்கத்தின் இடம்.

சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாகத் தொலைநோக்கி வாங்க நினைப்பவர், அதன் கனமான பாகம் எத்தனை கிலோவோ அத்தனை கிலோ கோதுமையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, கார் நிற்கும் இடத்திலிருந்து மைதானத்தின் நடுவரை மூன்று தடவை போய்வர வேண்டும். முடிந்தால் வாங்கலாம். முடியாவிட்டால் இன்னும் சின்னதாகப் பார்க்க வேண்டும். இந்தச் சட்டம் வெர்னா போட்டது. காரணமும் இருந்தது. டெஸ் ஹானஃபோர்ட் என்ற ஆட்டுப்பண்ணைக்காரர் தன் பதினெட்டு அங்குலக் கண்ணாடியைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வரும்போது முதுகு பிடித்து, கண்ணாடி சங்கத்தின் இறைச்சி சுடும் அடுப்பின்மேல் விழுந்து சுக்குநூறானது. டெஸ் பிறகு பத்து அங்குலம் ஒன்று வாங்கினார். அதில் பார்ப்பதும் சாவித்துவாரத்தில் பார்ப்பதும் ஒன்றுதான் என்று வெர்னா எல்லோர் முன்னாலும் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், அறுபத்தைந்து தாண்டியவர்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் தொலைநோக்கிக்கும் வருடாவருடம் மூட்டை தூக்க வேண்டும், தோற்றால் அதை மைதானத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்று ஓர் உட்பிரிவும் சேர்த்தார். டெஸ்ஸைக் குறிவைத்துச் சேர்த்தது அது. அப்போது வெர்னாவுக்கு அறுபது. அறுபத்தைந்து என்பது அடுத்தவர்களுக்கு வரும் நோய் என்று நினைத்திருக்கலாம்.

போன ஜூலை மாத ஞாயிறு மதியம், சாசேஜும் வெங்காயமும் கருகிக்கொண்டிருந்தபோது, அறுபத்தொன்பது வயது வெர்னா, அந்த வருடச் சோதனைக்காகத் தன் பதினாறு அங்குலத்துக்குரிய முப்பத்தொரு கிலோ மூட்டையைத் தூக்கினார். முதல் தடவை போய்வந்தார். இரண்டாவது தடவை பாதிவழியில் முட்டி மடங்கியது. மூட்டை கீழே விழுந்து வாய் பிளந்தது. அந்த வட்டாரத்துக் காக்கட்டூக் கிளிகள் மொத்தமும் எங்கோ காத்திருந்ததுபோல இறங்கி, அவரைச் சுற்றி உட்கார்ந்து கோதுமை தின்றன. யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவரவர் ரொட்டியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டெஸ் மட்டும் எழுந்துபோய்க் கைகொடுத்துத் தூக்கினார். அப்புறம், ஒன்பது வருடம் வாயில் வைத்திருந்ததை மெதுவாக வெளியே விட்டார். "சட்டம் நீ போட்டதுதான், வெர்னா."

சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இத்தனை வருடம் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் அவருக்கே யோசனை சொல்லும் வாய்ப்பை விடுவார்களா? வெர்னா எதையும் கேட்கவில்லை. பதினாறுக்குக் கீழே பார்ப்பதைவிட டிவியில் சமையல் நிகழ்ச்சி பார்க்கலாம் என்று வண்டியேறிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை நான் வேலை பார்க்கும் ஊர் வாரப் பத்திரிகைக்கு அவரிடமிருந்து விளம்பரம் வந்தது. 'வானம் பார்க்கும் சாமான்கள் அனைத்தும் விற்பனைக்கு. தொலைநோக்கி, ஐபீஸ், வரைபடங்கள், நாற்காலி, சிவப்பு டார்ச். காரணம்: உரிமையாளர் வேறு வேலை பார்க்கப் போகிறார்.' என்ன வேலை என்று போனில் கேட்டேன். சும்மா இருப்பது என்றார். பக்கம் மூடுவது புதன் மதியம், அதுவரை திருத்தம் சொல்லலாம் என்றேன். திருத்த ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டார். முப்பத்தொரு வருடப் பழக்கத்தைக் கார் டயர் விற்பதுபோல விற்கிறவரிடம் வேறு என்ன கேட்பது?

அன்றே அந்த விளம்பரத்தின் நகலை மருந்துக்கடைப் பலகையில் ஒட்டப் போனார், அப்படியே முட்டிக்குக் களிம்பும் வாங்க. கெல்வின் படித்தார். அதில் 'ஏழு மில்லிமீட்டர் கண்மணிக்கு ஏற்ற முப்பத்திரண்டு மில்லிமீட்டர் ஐபீஸ்' என்று பேனாவால் கூடுதலாகச் சேர்த்த ஒரு வரி இருந்தது. இருட்டில் நம் கண்மணி, அதாவது கண்ணின் நடுவில் இருக்கும் கருமணி, விரியும். ஐபீஸிலிருந்து வரும் ஒளிக்கற்றை அந்தக் கருமணியைவிட அகலமாக இருந்தால், மிச்சம் கன்னத்தில் விழுந்து வீணாகும். ஆகவே கண்ணை அளந்துதான் ஐபீஸ் வாங்க வேண்டும். இதை ஊருக்கே சொல்லிக்கொடுத்தவரும் வெர்னாதான்.

"ஏழுன்னு எப்ப அளந்தே?" என்று கேட்டார் கெல்வின்.

"தொண்ணூத்தி நாலுல."

"தொண்ணூத்தி நாலுல உன் முடிகூடத்தான் செம்பட்டையா இருந்துச்சு."

"கண்ணு என்ன நரைக்குமா?"

"நரைக்காது. ஆனா சோம்பேறியாயிடும். வயசாச்சுன்னா ஏழு விரியறது அஞ்சுதான் விரியும், சிலருக்கு அதுவும் இல்ல. நாளைக்குச் சாயந்திரம் மைதானத்துக்கு வா. அளந்து காட்டறேன்."

மருந்துக்கடைக்காரனிடம் கண்ணைக் காட்டுவதற்குப் பதில் கறிக்கடையில் காட்டலாம் என்று சொல்லிவிட்டு வெர்னா வெளியே போனார். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பிவந்து, எத்தனை மணிக்கு என்றார்.

செவ்வாய் மாலை கெல்வினும் டெஸ்ஸும் வெர்னா வீட்டிலிருந்து பதினாறு அங்குலத்தைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். கொண்டுவரக் கூடாத பொருளைச் சங்கத்துக் காரியதரிசியான டெஸ்ஸே தூக்கினார்; தூக்குகிறவர் வெர்னா இல்லையென்றால் சட்டம் மீறியதாகாது என்று அவரே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். சவப்பெட்டி தூக்குகிறவர்கள்கூட இதைவிடச் சிரித்த முகமாக இருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே வெர்னா கூட நடந்து வந்தார். ஆறே முக்காலுக்கு மைதானம் நன்றாக இருட்டிவிட்டது. கண் பழகுவதற்காக மூன்று பேரும் விளக்கில்லாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். வெர்னா அந்த அரைமணி நேரமும் கெல்வினின் பதினான்கு ஐபீஸ்களைப் பற்றிப் பேசினார்.

முதலில் டிரில் பிட்கள். கெல்வின் ஒரு மில்லிமீட்டரிலிருந்து வரிசையாகக் கொண்டுவந்திருந்தார். டிரில் பிட்டைக் கண்ணை ஒட்டி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். பிட், கருமணியைவிடத் தடித்திருந்தால் நட்சத்திரம் மறையும். மெலிந்திருந்தால் இரண்டு பக்கமும் கசிந்து தெரியும். வெர்னா ஏழு பிடித்தார், மறைந்தது. ஆறு, மறைந்தது. ஐந்து, மறைந்தது. நாலரையிலும் மறைந்தது. நாலில்தான் நட்சத்திரம் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தது. நாலரைதான் கணக்கு என்றார் கெல்வின். டிரில் பிட் சரியில்லை என்றார் வெர்னா.

கெல்வின் அடுத்த சோதனைக்குப் போனார். தொலைநோக்கியைத் தென்மேற்கில் கரீனா நெபுலா என்ற ஒளிமேகத்துக்குத் திருப்பி, முப்பத்திரண்டைப் பொருத்தி, வெர்னாவைக் கண் வைக்கச் சொன்னார். பியர் பெட்டி அட்டையில் வட்டமாக வெட்டிய ஒரு மூடி வைத்திருந்தார். பதினாறு அங்குல வாய்க்கு அளவான மூடி. நடுவில் பத்து அங்குல ஓட்டை. இதைக் குழாய் வாயில் மாட்டப் போகிறேன், மாட்டியவுடன் மங்கும், மங்கியதும் சொல் என்றார்.

வெர்னா பார்த்தார். நெபுலாவின் வெளிச்சமும், அதைக் கிழிக்கும் கறுப்புச் சந்தும், சுற்றிலும் இறைந்த நட்சத்திரங்களும் அப்படியே இருந்தன. கொஞ்ச நேரம் போனது.

"மாட்டுடா. எதுக்குச் சும்மா நிக்கறே?"

"மாட்டி எடுத்து மூணு தரம் ஆச்சு, வெர்னா. இப்ப மாட்டித்தான் இருக்கு."

வெர்னா கண்ணை எடுத்து, கையை நீட்டிக் குழாயின் வாயைத் தடவிப் பார்த்தார். அட்டை இருந்தது. அவரே கழற்றினார், பார்த்தார். அவரே மாட்டினார், பார்த்தார். மறுபடி கழற்றினார். ஆற்றோரம் வளர்ந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு வசவு வந்தது, அதை அச்சிட முடியாது. கணக்கை அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அந்த ஐபீஸில் ஐம்பத்தாறு மடங்கு, கண்மணி நாலரை, பெருக்கினால் இருநூற்றைம்பது மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அதாவது பத்து அங்குலம். பதினாறு அங்குலத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, பத்து அங்குலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வருடமாக என்பது கடவுளுக்கும் அவர் கண்ணுக்கும்தான் வெளிச்சம்.

டெஸ் தொண்டையைச் செருமினார். "சாவித்துவாரம்னு சொன்னியே."

"வாயை மூடு, டெஸ்."

ஆனாலும் கெல்வின் யோக்கியமானவர். பத்து மில்லிமீட்டர் ஐபீஸைப் போட்டு இன்னொரு தடவை சோதிக்கச் சொன்னார். நூற்றெண்பது மடங்கில் கற்றை கண்மணியைவிட மெல்லிசு, ஒளி எதுவும் வீணாகாது. ஒரு மங்கலான நட்சத்திரக்கூட்டத்துக்குத் திருப்பி அட்டையை மாட்டியதும் வெர்னா உடனே கத்தினார்: போச்சு, பாதி நட்சத்திரத்தைக் காணோம். இதைத்தான் இழப்பாய், இதை மறைத்து உனக்குச் சின்னதை விற்க எனக்கு விருப்பமில்லை என்றார் கெல்வின்.

வெர்னா வண்டியில் ஏறி உட்கார்ந்து, சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் தன் பார்வைக் குறிப்பேட்டைப் பின்னாலிருந்து புரட்டினார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் எந்த ஐபீஸ் என்று எழுதியிருந்தது. 32. 32. 32. 32. எங்காவது ஒரு 10, அதன் பக்கத்தில் 'காற்று மோசம், தெரியவில்லை'. வாயால் பெருமையடித்தது பதினாறில் தெரியும் மங்கல் நட்சத்திரங்களைப் பற்றி. கண்ணால் பார்க்க விரும்பியதோ அகலமான வானத்தை.

தேநீர் ஃபிளாஸ்க்கைக் காலி செய்துவிட்டுக் கேட்டார்: "பத்து அங்குலக் குழாய் எத்தனை கிலோ?"

"பதினாலு," என்றார் டெஸ்.

"உன்னோடது அழுக்கு. புதுசா வாங்கறேன். கெல்வின், உன் பல் டாக்டர் பெட்டியில இருபத்தொண்ணு இருக்கா? பத்து அங்குலத்துக்கு அதுதான் கணக்கு."

"இருக்கு."

"அத எனக்குக் குடு. உனக்குப் பதிமூணு போதும்."

புதன் காலை பதினொன்றே முக்காலுக்கு, பக்கம் மூடக் கால்மணி நேரம் இருக்கும்போது, போன் வந்தது. 'சாமான்கள் அனைத்தும்' என்பதை அடித்துவிட்டு 'பதினாறு அங்குலத் தொலைநோக்கி மட்டும்' என்று போடச் சொன்னார். காரணத்தையும் மாற்றச் சொன்னார்: 'நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மட்டும் அழைக்கவும். மற்றவர்கள் தங்கள் கண்ணை அளந்துவிட்டு அழைக்கவும்.'

ஆகஸ்ட் அமாவாசையை ஒட்டி வந்த சனிக்கிழமை புது பத்து அங்குலத்தை அவரே இறக்கி, அவரே நடுமைதானத்துக்குக் கொண்டுபோனார். யாரும் உதவிக்குப் போகவில்லை. போனால் என்ன கிடைக்கும் என்று தெரியும். நின்றபடியே பார்த்துப் பழகியவர் இப்போது நாற்காலி போட்டு உட்கார்ந்து, நெபுலா தென்மேற்கில் தாழ்ந்துபோகும்வரை ஐபீஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து டெஸ் இரண்டு தடவை பக்கத்தில் போய் மூச்சு வருகிறதா என்று கேட்டுவிட்டு வந்தார்.