யாருன்னு வேணாம்

“யாருன்னு வேணாம். என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க.”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மேசைக்கு அடியில் கிடக்கும் முக்காலியைக் காலால் வெளியே தள்ளிவிட்டு அக்கா இதைச் சொல்கிறார். எதிரே ஒருவன் பேயறைந்த மாதிரி நிற்கிறான். முக்காலியில் உட்கார்ந்ததும் அவனுக்குப் பாதி உயிர் திரும்பிவிடுகிறது. மீதியை அக்கா மீட்டுக் கொடுப்பார்.

எங்கள் அலுவலகத்தில் மருந்துக்கடைகளுக்கான மென்பொருள் தயாராகிறது. அதை எழுதுகிற அத்தனை பேரும் தாங்கள் எழுதியதை ஒரே சர்வரில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எந்த வரியை யார் எப்போது மாற்றினார்கள் என்பது அங்கே பதிவாகிவிடும். ஒன்று கெட்டுப்போனால் நேற்று இருந்தபடிக்குத் திரும்பிவிடலாம். ஒருவர் எழுதுவது இன்னொருவர் தலையில் விழாமல் இருக்க, ஆளுக்கொரு கிளை பிரித்துக்கொண்டு எழுதி, முடிந்த பிறகு பொதுவில் சேர்ப்பார்கள். யாரை உள்ளே விடுவது, யாரை வாசலில் நிறுத்துவது, சிக்கல் விழுந்தால் எடுப்பது, பழையதைக் கழிப்பது எல்லாம் அக்காவின் பொறுப்பு. அதனால் அவர் பெயர் சாவி அக்கா. என்னைவிட இளையவர்தான். ஆனாலும் எனக்கும் அக்காதான். சர்வர் படுத்துக்கொள்கிற அன்றைக்கு வயதையா பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

நான் பக்கத்து மேசைக்காரன். இந்த மென்பொருளைப் பயன்படுத்துவது எப்படி என்று கையேடு எழுதுகிறேன். அதை யாரும் படிப்பதில்லை. அதனால் எனக்கு வேடிக்கை பார்க்க நேரம் நிறைய உண்டு.

அக்கா இரண்டே விரலால்தான் தட்டெழுதுவார். கட்டளையை அடித்து முடித்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய அதை ஒருமுறை படிப்பார். அப்புறம்தான் என்டர். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே மேசையெல்லாம் தேடுவார். எடுத்துக் கொடுத்தால், “இத யாரு இங்க வச்சது” என்று கேட்கமாட்டார் என்பதுதான் விசேஷம். இழுப்பறையில் எப்போதும் வறுத்த கடலை இருக்கும். கண் கலங்கி வருகிறவர்களுக்கு ஒரு பிடி. சும்மா கேட்டால் எனக்குக் கிடைக்காது, கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஒரே வரியை இரண்டு பேர் இரண்டு விதமாக மாற்றிவிட்டால் சர்வர் மறுத்துவிடும். இரண்டு பேரும் அக்காவிடம் ஓடிவருவார்கள், நியாயம் கேட்க. அக்கா எழுந்து தன் நாற்காலியை ஒருவருக்கும் முக்காலியை மற்றவருக்கும் கொடுப்பார். “எது சரின்னு மெஷினுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்களே பேசிக்கங்க. நான் டீ குடிச்சிட்டு வரேன்.” அவர் திரும்பி வரும்போது பெரும்பாலும் ராசியாகியிருப்பார்கள். ஆகாவிட்டால் இன்னொரு டீ.

மேலாளருக்கு மட்டும் அக்காவின் இந்தப் போக்கு பிடிக்காது. ஒவ்வொரு தடவையும் கண்ணாடி அறையிலிருந்து வந்து, “யாரு பண்ணது?” என்பார். “அது எதுக்கு சார், சரியாயிடுச்சு” என்பார் அக்கா. சர்வரில் பெயர் இருக்கிறது. ஆனால் மேலாளருக்கு அதைப் பார்க்கத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் கௌரவம் இடம் கொடுக்காது. ஒருநாள் பொறுக்கமுடியாமல் எல்லோர் முன்னாலும் அறிவித்தார்: “இனிமே அடுத்தவங்க வேலைய அழிக்கிறவங்க யாரா இருந்தாலும் சர்வர் பக்கமே வரக் கூடாது.” அக்கா கடலையை மென்றுகொண்டு தலையாட்டினார்.

வீட்டிலும் இப்படித்தானாம். அக்காவின் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நான் கண்ணாடி மாற்றப் போனபோது ஒரு பாட்டம் புலம்பித் தீர்த்தார். “சண்டை போடலாம்னா ஆளே இல்லீங்க. கப்பு உடைஞ்சா என்ன ஆச்சுன்னு கேப்பா. சோறு அடிபிடிச்சா என்ன ஆச்சும்பா. யாரு மேல தப்புன்னே தெரியாம எனக்குப் பாதி ஆயுசு ஓடிப்போச்சு.” சொல்லும்போது முகத்தில் பெருமை வழிந்தது.

போன மாதம் ஒருநாள் மாத்திரை வேலைக்குத் திரும்பி வந்தாள். ஆளும் சின்ன உருவம், எழுதுவதும் மாத்திரையைப் பற்றித்தான் என்பதால் அந்தப் பெயர். சேர்த்துச் சாப்பிடக் கூடாத இரண்டு மருந்தை ஒரே ரசீதில் போட்டால் கடைக்காரரை எச்சரிக்கிற பகுதி அவளுடையது. முக்கால்வாசி எழுதித் தன் கிளையில் வைத்துவிட்டுப் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அந்த வாரத்துக்குள் அதை ஓட்டிக் காட்டாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போகும், அவள் தொலைபேசியில் புகார் கேட்கிற பிரிவுக்குப் போகவேண்டும் என்று அவள் வந்த அன்றே மேலாளர் சொல்லிவிட்டார். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டு வந்தவள், வணக்கம் சொன்ன கையோடு சர்வரைத் திறந்தாள். கிளையைக் காணோம்.

முக்காலி வெளியே வந்தது. “என்ன ஆச்சுன்னு சொல்லும்மா.” அவள் சொன்னாள். அக்கா இரண்டு விரலால் எதையோ அடித்து, படித்து, என்டர் தட்டினார். திரையில் வந்ததைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். நான் எட்டிப் பார்த்தேன். அழித்தவர் பெயர் இருந்த இடத்தில் அக்காவின் பெயர் இருந்தது.

நெடுநாள் தொடாமல் கிடக்கிற கிளைகளை அவ்வப்போது கழித்துவிடுவது அக்காவின் வேலை. கழிக்கும் முன் அதை எழுதியவரைக் கேட்டுக்கொள்வார். இந்த ஒரு தடவை கேட்கவில்லை. “பிள்ளை பெத்து படுத்திருக்கறவளுக்குப் போன் போட்டு எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு விட்டேன்” என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி. “எல்லாம் பொதுவுல சேர்ந்திருக்கும்னு நெனச்சிட்டேன்.” சர்வரின் பழைய நகல்கள் இத்தனை மாதத்துக்குத் தங்குவதில்லை. மாத்திரை பயன்படுத்திய கணினியில் இருந்ததையெல்லாம் அழித்து வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. அக்காவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. அவரை அப்படிப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

“லீவுல போறதுக்கு முன்னாடி யாருகிட்டயாவது பாக்கக் குடுத்தியா?”

“நாளைக்குகிட்ட குடுத்தேன்கா. தன் மெஷின்ல இறக்கிக்கிட்டான். நாளைக்குப் பாக்கறேன்னான்.”

நாளைக்கு என்பது ஒரு மனிதன். எதைக் கேட்டாலும் அவன் சொல்லும் பதில் அது. சர்வரில் புதிதாக வருவதையெல்லாம் அன்றாடம் தன் கணினியில் இறக்கிக்கொள்ள வேண்டும் என்பது அக்காவின் ஓயாத பாட்டு. அவன் மாதக்கணக்கில் இறக்காமல் காலத்தை ஓட்டுகிறவன். அவனை அக்கா திட்டாத வாரம் கிடையாது.

அக்கா எழுந்து கூடத்தின் மறுகோடிக்கு வேகமாக நடந்தார். அக்கா தன்னை நோக்கி வருவதைப் பார்த்த நாளைக்கு, வழக்கமான திட்டுத்தான் வருகிறது என்று முடிவுகட்டினான். “இதோ, இப்பவே இறக்கிடறேன்கா” என்று, வாழ்க்கையில் முதல்முறையாகச் சுறுசுறுப்பாகி, கையை விசைப்பலகைக்குக் கொண்டுபோனான். புதியதை இறக்கினால், சர்வரில் இல்லாத கிளைகள் அந்தந்தக் கணினியிலிருந்தும் நீங்கிவிடும்படி ஏற்பாடு செய்திருந்தது அக்காதான், எல்லாம் சுத்தமாக இருக்கட்டுமே என்று.

அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். “தொடாத சாமி. நீ ஒண்ணும் பண்ணாம சும்மா இரு.”

“அதத்தான்கா இவ்ளோ நாளா பண்ணிட்டிருக்கேன்” என்றான் அவன், ஒன்றும் புரியாமல்.

கிளை அங்கே இருந்தது. ஒரு வரி குறையாமல் இருந்தது. அதை நகலெடுத்து, மறுபடி சர்வரில் ஏற்றி, அக்கா தன் மேசைக்குத் திரும்பிவந்து மாத்திரையின் கையில் ஒரு பிடி கடலையை வைத்தார். அவள் ஓட்டிப் பார்த்தாள். எச்சரிக்கை சிவப்பாக வந்து நின்றது. அதைப் பார்த்தபடியே கடலையைக் கடித்தாள், கொஞ்சம் அழுதாள்.

சேதி கண்ணாடி அறைக்கு எட்டாமல் இருக்குமா? மேலாளர் வந்தார். “கிடைச்சிடுச்சா? நல்லவேளை. யாருன்னு கேட்டா நீங்க சொல்லப்போறதில்ல. யாரா இருந்தாலும் சரி, நாளையிலேர்ந்து சர்வர் பக்கம் வரக் கூடாதுன்னு சொல்லிடுங்க.” பதிலுக்குக் காத்திராமல் திரும்பி நடக்க ஆரம்பித்தார். அவரை அப்படியே போகவிட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

“சார்” என்றார் அக்கா. உட்கார்ந்தபடியே, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி வலது கையைத் தூக்கினார்.

முக்காலியில் இருந்த மாத்திரைக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்து, தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

மேலாளர் திரும்பிப் பார்த்தபோது அக்கா இடது கையைத் தூக்கியிருந்தார்.