மஞ்சள் தாளில் மதி அக்காவின் பெயர்

மதி அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார் என்ற செய்தி, நான் அலுவலக வாசலில் காரை நிறுத்தும்போது வந்தது. சொன்னவர் அவருடைய மச்சாள் வசந்தி அக்கா. எனக்கு வியப்பு வரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

கட்டட வரைபட அலுவலகத்தில் பதினொரு ஆண்டுகள் என் பக்கத்து மேசையில் இருந்தவர் மதி அக்கா. சென்ற இலையுதிர் காலத்தில் ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கம் ஒரு வீட்டை அளந்துவிட்டுத் திரும்பும்போது, மரத்தால் கட்டிய சீனப் புத்த கோயில் ஒன்றைக் கண்டு காரை நிறுத்தச் சொன்னார்.

“புத்த கோயில் எண்டால் எனக்கு வாசலில ஆமிக்காரன் நிக்கிற மாதிரித்தான் இருக்கும். ஆனா உந்தக் கூரையைப் பாரடி!”

ஆணியில்லாமல் பூட்டிய மரங்களை அண்ணாந்து பார்த்து, “ஒண்டையொண்டு விடாமப் பிடிச்சிருக்கு. கட்டடம் எண்டால் அவ்வளவுதான்” என்றார். தோட்டத்தில் குள்ளப் பைன் மரங்கள். குளத்தில் அந்தக் கூரை தலைகீழாக அசையாமல் கிடந்தது. காற்றே இல்லை. கூரை முனையில் சிறு மணி ஒன்று ஒலித்தது.

பக்க மண்டபத்தில் வரிசை வரிசையாக மஞ்சள் தாள்கள் தொங்கின. நடுவில் இறந்தவரின் பெயர். ஓரத்தில், அவருக்காக வேண்டுகிற, உயிரோடிருப்பவரின் பெயர். அங்கிருந்த பெண் எங்களிடமும் ஒரு தாளைத் தந்தார்.

அக்காவை அறிந்தவர்களுக்குத் தெரியும்: போரின் கடைசி நாட்களில் ராணுவத்திடம் கையளிக்கப்பட்ட தம்பி குமரனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவனுக்குத் திவசம் செய்ய அவர் ஒருநாளும் சம்மதித்ததில்லை.

நடுவில் தன் பெயரையும் ஓரத்தில் குமரனின் பெயரையும் எழுதினார்.

“அக்கா, மாறி எழுதிப்போட்டியள்.”

“இல்லையடி. உயிரோட இருக்கிற ஆளின்ர இடம் உதுதானே? அதில தம்பி இருக்கட்டும். மற்ற இடத்துக்கு ஒராள் கட்டாயம் வேணுமெண்டால் நான் நிக்கிறன்.”

சிரித்தார். தமிழ் தெரியாத அந்தப் பெண் தாளைக் கொக்கியில் மாட்டினார். மற்றவை அசையாதிருக்க, அது மட்டும் மெல்லத் திரும்பி எங்களைப் பார்த்தது. கழற்றுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மரண அறிவித்தல் எழுதிய அன்று வசந்தி அக்கா மறுபடி அழைத்தார். “குமரன்ர பேருக்கு முன்னால ‘காலஞ்சென்ற’ எண்டு போடுவமே? இத்தினை வருசமாச்சு. இனி ஆர் கோவிக்கப்போகினம், பிள்ளை?”

“போடாதேங்கோ அக்கா. அந்த இடத்துக்கு அவ போயிட்டா.”

அந்த மஞ்சள் தாளைப் பற்றி அவரிடம் சொன்னேன். ‘குமரனின் அன்புச் சகோதரி’ என்று மட்டுமே அறிவித்தல் வெளிவந்தது. மதி அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பிடிவாதத்தை. இனி யாராவது குமரனைப் பற்றிக் கேட்டால், இன்னும் தேடுகிறோம் என்று சொல்ல வேண்டியவள் நான்.