ஹலீமிடமிருந்து நான் எடுத்த அனுமதி

மதுரங்குளிச் சந்திப் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு நின்றபோது தொலைபேசி அதிர்ந்தது. நம் உப்புச் சங்க அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில், ஹலீம் மவுத்தாகிவிட்டான் என்ற செய்தி. ஒரு வாரக் காய்ச்சலில் உயிர் போய்விட்டது. இன்றோ நாளையோ வீட்டுக்கு வந்துவிடுவான் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். பாணை வாங்கித் திரும்புவதற்குள் அறுபது பேர் துஆ அனுப்பியிருந்தார்கள். என் மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது அதே குழுவில் வாழ்த்தியவர்கள் நான்கு பேர். மவுத்தானவனோடு போட்டி போடுகிறேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் எண்ணினேன்.

நானும் அவனும் ஒரே நாளில் கணினிப் பிரிவில் சேர்ந்தவர்கள். நான் புத்தளம் டவுனில் பிறந்தவன். அவன் தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது உம்மாவின் இடுப்பில் வந்து கரைத்தீவில் வளர்ந்தவன். தரவுத்தள நிர்வாகி நான், அவன் உதவியாளன். ஆனால் அலுவலகத்தவர்களே, உங்கள் திரை உறைந்துபோனால் யாருடைய வாயிலாவது என் பெயர் வந்ததா? "ஹலீம் நானாவக் கூப்பிடுங்க" என்றுதானே, கூடப்பிறந்த அண்ணனைக் கூப்பிடுவதுபோல், சத்தம் போட்டீர்கள்?

விளங்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தரவுத்தளத்தில் கோளாறு பார்ப்பதற்கென்று சில கட்டளைகள் உண்டு. யார் உள்ளே இருக்கிறார், என்ன செய்கிறார், யாரால் யார் காத்து நிற்கிறார் என்பதை அவை காட்டும். இன்னொரு கட்டளை, அடைத்துக்கொண்டு நிற்பவரின் இணைப்பை வெட்டிவிடும். இந்த அனுமதிகளை எப்படிப் பிரிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஹலீம் சொன்னான்: "பார்க்கிறது வேற, வெட்டுறது வேற மச்சான். பார்க்கிறத அஞ்சு பேருக்குக் குடு. வெட்டுறத நீ ஒராள் வெச்சுக்க." அப்படியே செய்தோம். வெட்டும் அனுமதி என் கையில். அதைப் பயன்படுத்த அவன் விட்டால்தானே! "பொறு, வெட்டாத. தராசடியில சுமையா திரையத் திறந்து போட்டுட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பா. நான் போய்ச் சொல்றன்" என்று, லொறிகளின் நிறை பதியும் அந்தப் பெண்ணைத் தேடி எழுந்து போய்விடுவான்.

இரண்டு வருடத்துக்கு முன் கொழும்பிலிருந்து பாதுகாப்புச் சோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். மற்றவர்கள் தட்டுகிற பெயர்களும் அடையாள அட்டை இலக்கங்களும் அந்தக் கட்டளைகளில் தெரிகின்றன, பார்ப்பவர்களைக் குறையுங்கள் என்றார்கள். நியாயமான பேச்சு. பட்டியலில் ஐந்து பேர் இருந்தார்கள். நான் ஒருவனை மட்டும் நீக்கினேன். சோதனை வெறும் சாக்கு. அந்த வாரம்தான் சங்கத் தலைவர் கூட்டத்தில் ஹலீமைப் பெயர் சொல்லிப் பாராட்டியிருந்தார். எனக்கு வயிறு எரிந்துபோயிருந்தது.

மறுநாள் என் மேசையருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மச்சான், எனக்கு அனுமதி இல்ல எண்டு வருது. சோதனை விசயமா?"

"ஓம்."

"எல்லாருக்குமா?"

"ஓம்" என்றேன் மறுபடியும். பக்கத்து மேசைக்காரர் அப்போது அதே கட்டளையைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். ஹலீமின் கண் அங்கே போய்த் திரும்பியது. "அப்ப சரி" என்று எழுந்து போனான்.

சில வாரங்கள் கழித்து, மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு பகல். உப்பு ஏற்றிய லொறிகள் தராசடியில் வரிசையாக நிற்கின்றன. நிறைச் சீட்டு அச்சாகவில்லை. நான் பார்த்தேன். எல்லோரும் ஒரே இணைப்புக்குப் பின்னால் காத்து நின்றார்கள். தராசடியினுடையது. என்ன ஆயிற்று என்று எழுந்து போய்க் கேட்க எனக்கு மனம் வரவில்லை. வெட்டினேன். காலையிலிருந்து சுமையா பதிந்தும் சேமிக்காமல் வைத்திருந்த நிறைகள் அத்தனையும் போயின. தூறல் விழத் தொடங்கியது. சாரதிகள் உப்புக்கு மேல் படங்கை இழுத்துப் போர்த்திக்கொண்டே எங்களைத் திட்டினார்கள். ஹலீம் தராசடிக்கு ஓடினான். சுமையா கையால் எழுதி வைத்திருந்த சீட்டுகளின் காபன் பிரதிகளை அவன் ஒவ்வொன்றாக வாசிக்க, அவள் மீண்டும் தட்டினாள்.

யார் வெட்டியது என்று முகாமையாளர் எங்களை அறைக்குள் அழைத்துக் கேட்டார். "ரெண்டு பேரும் பார்த்துத்தான் சேர் வெட்டினம்" என்றான் ஹலீம். அவனால் எதையும் பார்க்க முடியாது என்பது அந்த அறையில் எங்கள் இருவருக்குத்தான் தெரியும். எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. பெரிய மனிதன் வேஷம் போடுகிறான் என்று பல்லைக் கடித்தேன்.

அடக்கத்தன்று மையவாடியில் உங்களில் பலர் சொன்னதைக் கேட்டேன். "கம்பியூட்டரப் பார்த்த உடனே கோளாறப் பிடிச்சிருவாரு." இல்லை. கடைசி இரண்டு வருடமும் அவன் கணினியில் ஒன்றையும் பார்க்கவில்லை. மேசை மேசையாக நடந்து வந்து, "கடைசியா என்ன தட்டினீங்க?" என்று உங்களிடம் கேட்டான். நீங்களும் மறைக்காமல் சொன்னீர்கள். இந்த வாரம் நானும் தராசடிக்கு நடந்து போய்க் கேட்டேன். "ஒண்டுமில்ல சேர்" என்றாள் சுமையா. அவனிடம் ஒருநாளும் அவள் அப்படிச் சொன்னதில்லை. அதற்கும் பொறாமையாக இருந்தது.

நேற்று முகாமையாளர் ஒரு படிவம் அனுப்பினார். மவுத்தான ஊழியரின் பெயர், அவருக்கிருந்த அனுமதிகள், ஒவ்வொன்றையும் நீக்கிய திகதி. கோளாறு பார்க்கும் அனுமதிக்கு எதிரே நேற்றைய திகதியைப் போட்டிருந்தால் எவருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு வருடத்துக்கு முந்திய திகதியை எழுதி அனுப்பினேன். ஏன் என்று அவர் கேட்பார். அவருக்குச் சொல்வதற்கு முன் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் மேசை லாச்சியில் அவன் எழுதிய ஒரு விண்ணப்பம் கிடக்கிறது. சென்ற நோன்புக்கு முன் தந்தது. பார்க்கும் அனுமதி மீண்டும் வேண்டும் என்று ஒரு வரி. காரணம் என்ற இடத்தில், "தராசடிக்கு நடக்க முழங்கால் நோகுது." பார்க்கிறேன் என்று வாங்கி வைத்தேன். அவன் பிறகு கேட்கவில்லை, நடந்தான். அவனுடையது என்று என்னிடம் இருப்பது அந்தத் தாள் மட்டும்தான். கீழே நான் கையொப்பமிட வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது.