தண்ணி என்று சொல்ல வைத்தேன்

அந்தச் சிறுமியை ஆமத்தூரிலிருந்து அவள் அம்மா அழைத்து வந்தபோது அவளுக்கு ஆறு வயது. எனக்கு இருபத்து நான்கு. விருதுநகரில் ஒரு வாடகை வீட்டில் நடந்துவந்த சிறப்புப் பள்ளியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பயிற்சி முடித்த சான்றிதழின் மணம்கூடப் போகவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் ஆறு மாதத்தில் பேச வைத்துவிடலாம் என்று நம்பிய காலம் அது.

அவளுக்கு ஆட்டிசம் என்று மதுரையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு சொல்கூடப் பேசவில்லை. விரல்களை முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டே இருப்பாள். அவள் அம்மா விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தவர். மகளைப் பள்ளிக்குக் கூட்டிவர வேண்டும் என்பதற்காகவே வேலையை விட்டிருந்தார்.

"என்னை அம்மான்னு கூப்பிடலைன்னாலும் பரவாயில்ல டீச்சர். பசிச்சா பசிக்குதுன்னு சொல்லணும். அம்புட்டுத்தான்" என்றார் முதல் நாளே.

சிறுமிக்குத் தாகம் எடுத்தால் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தில் நிற்பவரின் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப்போய், அந்தக் கையைத் தண்ணீர்ப் பானையின் மூடிமேல் வைப்பாள். நான் சேர்ந்த முதல் வாரத்தில் என் கையையும் அப்படிப் பிடித்தாள். சின்னக் கை, எப்போதும் கொஞ்சம் ஈரமாக இருக்கும்.

அதை விடக் கூடாது என்று எனக்குக் கற்றுத் தந்திருந்தார்கள். பிள்ளை நம் கையை ஒரு பொருள் மாதிரிப் பயன்படுத்துகிறது, அதற்கு இடம் கொடுத்தால் பேச்சே வராது என்பது பாடம். விரல்களை ஆட்டினால் கைகளைப் பிடித்துத் தொடையோடு அழுத்த வேண்டும். கண்ணைப் பார்க்காவிட்டால் தாடையைப் பிடித்துத் திருப்ப வேண்டும். கேட்டதை, வாய் திறந்து கேட்கும்வரை கொடுக்கக் கூடாது.

நான் ஒழுங்கான மாணவி. எல்லாவற்றையும் செய்தேன்.

சித்திரை வெயிலில் ஒரு நாள், தம்ளர் நிறையத் தண்ணீரோடு அவள் எதிரில் உட்கார்ந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். விலக்கினேன். "தண்ணின்னு சொல்லு" என்றேன். மறுபடி பிடித்தாள். மறுபடி விலக்கினேன். அழுதாள், தரையில் புரண்டாள், தன் கையையே கடித்துக்கொண்டாள். அவள் அம்மா சன்னல் பக்கம் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னைத் தடுக்கவில்லை. நான் டீச்சர் அல்லவா.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு, என் நெற்றியைப் பார்த்து, "ண்ணி" என்றாள்.

பள்ளியே கைதட்டியது. அவள் அம்மா என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் வீட்டுக்குப் போய் என் அம்மாவிடம் சொல்லி அழுதேன், சந்தோஷத்தில். "வீட்டிலும் இப்படியே செய்யுங்க, ஒரு தடவைகூட இளகிடாதீங்க" என்று அந்தத் தாயிடம் சொல்லி அனுப்பியிருந்தேன்.

அடுத்த மாதம் சிறுமி நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல், ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல். பிள்ளை தண்ணீர் குடிப்பதே இல்லை என்று டாக்டர் சொன்னாராம்.

"கேக்கவே மாட்டேங்கிறா டீச்சர். உதடு காஞ்சு கெடக்கு. நானாக் குடுத்துரட்டுமா?" என்று கேட்டார் தாய்.

யோசித்தேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்: "இப்ப விட்டுக் கொடுத்தா இத்தனை நாள் பட்ட பாடு வீணாப் போயிரும். கேட்டாத்தான் கொடுக்கணும்."

அதன்பிறகு அவள் யார் கையையும் பிடித்து இழுக்கவில்லை. நாங்கள் அதை முன்னேற்றம் என்று குறித்துவைத்தோம். பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு நின்றாள். வேறு பிள்ளைகள் வந்தார்கள். நான் அவளை மறந்தும் போனேன்.

போன வருஷம் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளைய ஒரு பெண் வந்து ஒரு காணொளி காட்டினாள். அதில் ஒரு குழந்தை தன் தாயின் கையைப் பிடித்து அலமாரி வரை இழுத்துப் போகிறது. "இங்க என்ன நடக்குது?" என்று கேட்டாள். கையை இழுக்கிறது, அடம் பிடிக்கிறது என்று ஆளுக்கொன்று சொன்னோம். "இல்ல மேடம், பேசிக்கிட்டு இருக்கு. அதுக்குத் தெரிஞ்ச பேச்சு அதுதான். முதல்ல அதுக்குப் பதில் சொல்லணும்" என்றாள். கையை அழுத்திப் பிடிக்க வேண்டாம், கண்ணைப் பார்க்க வைக்க வேண்டாம், படத்தைக் காட்டியோ சைகையாலோ கேட்டாலும் கேட்டதுதான் என்று சொல்லிக்கொண்டே போனாள். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். எனக்கு என் மணிக்கட்டில் அந்த ஈரக் கை தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆமத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

தாய் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார். "வாங்க டீச்சர், எம்புட்டு வருசமாச்சு! நல்லா இருக்கீகளா?" தலை முழுக்க நரைத்திருந்தது. மகள் உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண். என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"பாத்தீகளா, மறக்கலை! தாயி, டீச்சர்கிட்ட தண்ணி கேளு."

"தண்ணி" என்றாள் அவள். தெளிவாகத்தான் சொன்னாள். தாய் பெருமையோடு என்னைப் பார்த்துக்கொண்டே செம்பை நீட்டினார். வாங்கியவள் குடிக்காமல் பக்கத்தில் வைத்தாள். தாகம் இல்லை.

நான் சொல்லிவிட்டேன். நான் சொல்லிக் கொடுத்தது தப்பு, அவள் முதலிலேயே கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், நான்தான் அதை நிறுத்தினேன் என்றேன். மன்னிப்பும் கேட்டேன். என் பாரத்தை இறக்கிவைக்கத்தான் போயிருக்கிறேன் என்பதும், அதை யார் தலையில் வைக்கிறேன் என்பதும் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவர் மகள் பக்கத்தில் இருந்த செம்பை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"பள்ளிக்கூடத்துல நீங்க ஒரு நாளைக்கு ரெண்டு தடவ செஞ்சிருப்பீக. வீட்டுல நான் பதினாறு வருசமாச் செஞ்சிருக்கேன் டீச்சர். தொண்டை வறண்டு என் முகத்தையே பாத்துக்கிட்டு இருப்பா. நான் தம்ளரப் பிடிச்சுக்கிட்டே நிப்பேன்." பிறகு, குரலை உயர்த்தாமல் கேட்டார்: "வேற என்னென்ன தப்பாச் சொல்லிக் குடுத்தீக? இப்பவே எல்லாத்தையும் சொல்லிருங்க."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். கையை அழுத்தியது, தாடையைத் திருப்பியது, வேட்டுச் சத்தத்துக்குப் பழக வேண்டும் என்று காதைப் பொத்தவிடாமல் செய்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கிளம்பும்போது வாசல்வரை வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவரே போன் செய்து வரச் சொன்னார். இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு போகிறேன். காட்டிக் கேட்பதற்குப் பட அட்டைகள் கொண்டுபோனேன், அவள் தொடுவதில்லை. வீட்டில் நான்கு இடங்களில் அவளுக்கு எட்டும்படி தண்ணீர்ப் பாட்டில்கள் வைத்திருக்கிறார்கள். எடுத்துக் குடிக்கிறாள். ஆனால் ஒவ்வொரு முறையும் பாட்டிலின் முன்னால் போய் நின்று, கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்து, ஆளில்லாத அறையில் "தண்ணி" என்று சொல்கிறாள். சொல்லிவிட்டுக் காத்து நிற்கிறாள்.

அடுப்படியிலிருந்து அவள் அம்மா குரல் கொடுப்பார்: "எடுத்துக்கோ தாயி, யாரையும் கேக்க வேண்டாம்."

ஒவ்வொரு முறையும் சொல்கிறார்.