பஸ்ஸில் இருந்தே போட்ட ஏசி

வெயில் தொடங்கிவிட்டது. மகன் மாட்டிய புது ஏசி போனில் சொன்னாலே கேட்கும். இன்று தன்லியின் என்ற ஊரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் இருந்தபடியே, ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, நானே பதினெட்டில் வைத்தேன். இந்த வயதில் படிக்கக் கற்றவன் அல்லவா, பக்கத்தில் இருந்தவரிடமும் காட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் மருமகள் குடத்தோடு மாடி ஏறுகிறாள்.

"'மீ லாபி'ன்னு தெருவே பர்மியப் பேச்சுல கத்துச்சு. கரண்டு வந்திருச்சேன்னு தண்ணி மோட்டாரைப் போட்டேன் மாமா. ஏசியும் சேர்ந்து ஓடி பியூஸ் போயிருச்சு. சரி பண்றதுக்குள்ள கரண்டும் போயிருச்சு. யாரு ஏசி போட்டது?"

"நான்தாம்மா."

"நீங்களே படிச்சா?" என்று சிரித்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

குடத்தை வாங்கிச் சுமந்தேன். கரண்டு வந்தால் முதலில் தண்ணீர் என்பது, எழுத்தே தெரியாத காலத்திலேயே எனக்கு நன்றாகத் தெரியும்.

உங்கள் வீட்டில் தொட்டி நிறைந்ததா?